மரத்துப்போகாத இடது தாடை

1

“நீங்க கீழ எலும்பு காட்றவங்க. மேல வந்து என்னம்மா பண்ணுவீங்க? பேஷன்ட்டோட வாயைப் பார்த்து, இது எந்தப் பக்கத்து எலும்புன்னு வைவா கேப்பீங்களா?”

இப்படிக் கேட்டவர் டாக்டர் மஞ்சுநாத். பெங்களூரில் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைத் துறையின் தலைவர். ஸ்ரீராம்புரத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர். அதனால் கன்னடத்தில் பாடம் நடத்துவார், ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவார், கேலி செய்ய வேண்டுமென்றால் மட்டும் தமிழுக்கு வருவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவரிடம் ஒன்று கேட்டேன். வாரத்தில் அரைநாள் மாடியில் இருக்கும் கிளினிக்கில் நிற்க விடுங்கள் என்றேன். அதற்குக் கிடைத்த பதில்தான் மேலே இருப்பது. பதில் சொல்லிவிட்டு, “பேஜார் பண்ணிக்காதீங்க”, அதாவது வருத்தப்படாதீங்க, என்று ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்.

எங்கள் கல்லூரியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. அதாவது இறந்தவர்களும் தவளைகளும் சோதனைக் குழாய்களும். மேல்தளத்தில் கிளினிக், அதாவது வலியோடு வரும் மனிதர்கள். கீழே இருப்பவர்களுக்குப் பச்சைக் கயிற்றில் அடையாள அட்டை, மேலே இருப்பவர்களுக்கு நீலக் கயிறு. நான் பச்சை. பல் மருத்துவம் படித்து, அனாட்டமியில் பதக்கமும் வாங்கினேன். அந்தப் பதக்கத்தைப் பார்த்துத்தான் என்னை அனாட்டமியில் போட்டார்கள். நன்றாகப் படித்ததற்குக் கிடைத்த பரிசு, இரண்டு வருடமாக ஒரு நோயாளியின் வாயையும் தொடாமல் இருப்பது.

இந்த வருடம் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை உறுதியானால், கீழ்த்தளத்திலேயே உறுதியாகும். அதன் பிறகு நீலக் கயிறு கேட்க வழியில்லை. பல் பிடுங்கத் தெரிந்த கை, மெதுவாக மறந்துபோகும். உத்தியோகம் நிரந்தரமாகப் போகிறது என்று கொண்டாட வேண்டிய நேரத்தில் எனக்குத் தூக்கம் வராததற்கு இதுதான் காரணம்.

2

நான் இருப்பது வெளிநாடு இல்லை என்று சிலர் சொல்வார்கள். எல்லையில் அத்திபெலே தாண்டினால் வேறு மாநிலம், அவ்வளவுதான் என்பார்கள். குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கு அது தெரியாது. அங்கே நான் ‘பெங்களூர்ல செட்டிலானவள்’. ஒருவேளை துபாய்க்குப் போயிருந்தால்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. துபாய்க்கு எங்கள் தெருவிலிருந்து ஏற்கெனவே நாலைந்து பேர் போயிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்ளே போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று அச்சடித்த பத்திரிகை வந்தால், அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று சரியாகத் தொட்டுக் காட்டுவாள். இதில் எனக்குப் பெருமைதான். அதை மறைத்துக்கொண்டு அடக்கமாக எழுத எனக்கு வராது.

தங்கியிருப்பது விவேக் நகரில், பிலோமினா அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை. வியாழக்கிழமைகளில் தேவாலயத்துக்கு வரும் கூட்டத்தால் தெருவில் ஆட்டோ நுழையாது. அன்று மட்டும் நடந்து போய்ப் பஸ் பிடிப்பேன். வந்த புதிதில் கன்னடம் கற்றுக்கொள்ள ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். பல் ஹல்லு, பால் ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூவு. ஆகவே தமிழில் ‘ப’ வரும் இடத்தில் ‘ஹ’ போட்டால் கன்னடம் வந்துவிடும் என்று முடிவு செய்தேன். பழக்கடையில் போய், “ஹப்பாளி கொடி” என்றேன், கொடுங்கள் என்ற அர்த்தத்தில். கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

“பப்பாளி தானேம்மா? எனக்கு தர்மபுரி. தமிழ்லயே கேளு, எடை கம்மியா போட மாட்டேன்.”

சூத்திரம் மட்டும் தெரிந்தால் காரியம் நடக்காது என்பதை இந்த ஊர் எனக்குப் பப்பாளியில் தொடங்கிச் சொல்லிக்கொடுத்தது.

3

பல் மருத்துவப் படிப்பில் முதல் இரண்டு வருடம் அடிப்படை அறிவியல். மூன்றாவது வருடம்தான் கிளினிக். ஆக, முகத்தின் நரம்புகளை மாணவர் மனப்பாடம் செய்யும்போது முகம் இருக்காது. முகம் வரும்போது நரம்பு மறந்துபோயிருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். எங்கள் கல்லூரியும் பேசியது. அதற்காக ஒரு குழு அமைத்தார்கள். மத்தூர் வடை, காபியோடு கூட்டம் நடந்தது. அனாட்டமித் தலைவர் பத்மாவதி மேடம் ஒரு ஓரத்தில், மஞ்சுநாத் சார் எதிர் ஓரத்தில். கூட்டத்தின் முடிவில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்குவது என்று தீர்மானமானது. அதைக் கீழ்த்தளத்தில் வைக்க மஞ்சுநாத் சார் ஒப்பவில்லை. மேல்தளத்தில் வைக்க மேடம் ஒப்பவில்லை. கடைசியில் இரண்டுக்கும் நடுவே, மாடிப்படி திரும்பும் இடத்தில் பெயர்ப்பலகையை மாட்டினார்கள். அறை கிடையாது, பலகை மட்டும். அதன் கீழே இப்போது துடைப்பம் சாத்தி வைக்கிறார்கள்.

எங்கள் துறையின் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாணவர் கையில் ஓர் எலும்பைக் கொடுத்து, முதல் கேள்வியாக, “எந்தப் பக்கத்து எலும்பு?” என்று கேட்போம். இடதா வலதா என்று அடையாளம் கண்டு சொல்ல வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். கீழ்த்தாடைக்கு எங்களிடம் நல்ல மாதிரி ஒன்றுதான் உண்டு. நடுவில் அறுத்த பாதித் தாடை, வலது பாதி. நரம்பு நுழையும் துளையைச் சுற்றி யாரோ சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அதன் இடது பாதி நான் வருவதற்கு வெகுமுன்பே உடைந்துவிட்டதாம். ஆகவே, “எந்தப் பக்கம்?” என்று நான் கேட்பேன். “வலது மேம்” என்று எல்லா மாணவர்களும் தயங்காமல் சொல்வார்கள். முழு மதிப்பெண். எங்கள் துறையின் தேர்ச்சி விகிதத்தைப் பற்றி மேடம் மேடையில் பேசும்போது நானும் கைதட்டியிருக்கிறேன்.

4

போன மாதம் ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். “பல்லு வலிக்குது. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வரேன்.”

“குடியாத்தத்துலயே பல் டாக்டர் இருக்காரேம்மா.”

“நல்லாக் கீது. பொண்ணு பல் டாக்டராம், அம்மா ஊரான் கிட்ட வாயைத் திறந்துகினு நிப்பாளாம். உனக்கோசரம்தான் இத்தினி நாளு பல்லைக் கடிச்சிகினு கீறேன்.”

நான் பல் பார்ப்பதில்லை, எலும்பு காட்டுகிறேன் என்று அம்மாவிடம் யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. காலேஜ் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்றால் வேறென்ன செய்வார்கள்?

வெள்ளிக்கிழமை கிளினிக் வாசலில் காவலாளி அம்மாவை, “பன்னி, பன்னி” என்று கன்னடத்தில் அன்போடு உள்ளே அழைத்தார். பின்னால் போன என்னைக் கை நீட்டி மறித்தார். பச்சைக் கயிறு மேலே போக வேண்டுமென்றால் துறைத்தலைவரின் அனுமதி வேண்டும். மேடம் அன்று விடுப்பு. காவலாளி நல்லவர், ஒரு யோசனை சொன்னார். நோயாளியோடு வந்தவர்களுக்குத் தரும் சீட்டை வாங்கிக்கொண்டால் போகலாம். அப்படித்தான் என் கல்லூரியின் கிளினிக்கில், என் அம்மாவின் துணைக்கு வந்தவளாக, அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நான் முதல்முறையாக நுழைந்தேன்.

“இன்னாடி, உன் ஆஸ்பத்திரியிலயே உனக்குச் சீட்டா?”

“ரூல்ஸும்மா.”

“பெரிய ஆஸ்பத்திரிதான்” என்றாள் மரியாதையோடு.

இடது கீழ்க் கடைவாய்ப்பல். காப்பாற்ற வழியில்லை, எடுக்க வேண்டும். அஃப்ரீன் என்ற மூன்றாம் வருட மாணவிக்கு அம்மாவை ஒதுக்கினார்கள். முதல் வருடத்தில் என்னிடம் படித்தவள். தாடை நரம்பின் கிளைகளை மூச்சு விடாமல் ஒப்பித்து மேடத்தையே அசரவைத்தவள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா மட்டும் குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள். “நீ இல்லியா?” என்று கண்ணாலேயே கேட்டாள். நான் பையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தேன்.

தாடை நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியைக் கண்ணால் பார்த்துப் போட முடியாது. தாடை எலும்பின் உட்புறத்தில் நரம்பு நுழையும் சிறு துளை ஒன்று உண்டு. சதைக்கு அடியில் அது எங்கே இருக்கும் என்று மனதில் பார்த்து, அதன் அருகே மருந்தைச் செலுத்த வேண்டும். சரியாகப் போட்டால் அந்தப் பக்கத்து உதடு பாதி மரத்துவிடும். அஃப்ரீன் போட்டாள். காத்திருந்தாள்.

“ஆன்ட்டி, உதடு எப்டி இருக்கு?”

“நல்லாக் கீதும்மா” என்றாள் அம்மா. டாக்டர் கேட்டால் நல்ல பதில் சொல்ல வேண்டும் என்பது அவள் மரியாதை. அஃப்ரீன் அதை நம்பி ஈறைக் கருவியால் தொட்டாள். அம்மா நாற்காலியின் கையைப் பற்றி அரை அடி எழும்பினாள்.

“என்னாம்மா நீயி! மரத்துப்போவும்னு சொன்னியே!”

அஃப்ரீன் கருவியைத் தட்டில் வைத்தாள். வாய்க்குள் நரம்பின் கிளைகளை முணுமுணுத்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. பிறகு அவள் செய்த காரியத்தைப் பார்த்து நான் பையைக் கீழே வைத்தேன். வலது கையை அந்தரத்தில் தூக்கி, எதையோ பிடித்திருப்பதுபோல் விரல்களைக் குவித்து, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அந்தப் பிடி எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்தது.

“என்ன பண்றே அஃப்ரீன்?”

“திருப்பிப் பாக்கறேன் மேம். கீழ நம்ம எலும்பு ரைட் தானே. லெஃப்ட் பேஷன்ட் வந்தா தலைக்குள்ள அதைக் கவுத்துப் போட்டுப் பாக்கணும். அப்போ துளை மேல போவுதா கீழ போவுதான்னே கன்ஃபியூஸ் ஆயிடுது.”

“ரைட்ல?”

“ரைட்ல யாருக்கும் ப்ராப்ளமே இல்ல மேம். லெஃப்ட் வந்தாத்தான் யார் எடுக்கறதுன்னு நாங்க டாஸ் போடுவோம்.” அம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “இன்னிக்கு நான் தோத்துட்டேன்.”

இரண்டாவது ஊசியும் பலிக்கவில்லை. அடுத்தது மஞ்சுநாத் சாரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், தேர்வுக்கு முன் அவள் முடித்துக் காட்ட வேண்டிய நோயாளிகள் கணக்கில் இது வராது. நான் கையுறை போட்டு ஒரு நொடியில் முடித்துவிடலாம். ஆனால் நான் அங்கே டாக்டர் இல்லை, நோயாளியின் துணை. “கொஞ்சம் இரு” என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன்.

எலும்பு அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. வலது தாடையை டிபன் பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, சீட்டை மறுபடி காட்டி மேலே வந்தேன். நோயாளிகள் தங்கள் பல்லைப் பார்க்கக் கைக்கண்ணாடி ஒன்று ஒவ்வொரு நாற்காலியிலும் உண்டு. அஃப்ரீன் கையுறையோடு நின்றதால் கண்ணாடியை அம்மா கையில் கொடுத்தேன்.

“நேராப் பிடிம்மா. ஆட்டாதே.”

“இது இன்னாடி?”

“தாடை எலும்பு.”

“யாருது?”

“தெரியாதும்மா.”

அம்மா கண்ணாடியை ஒழுங்காகப் பிடித்தாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். எலும்பின் உட்புறத்தைக் கண்ணாடிக்குக் காட்டினேன். கண்ணாடிக்குள் வலது தாடை இடது தாடையாக இருந்தது. சிவப்புத் துளை எங்கே, முன்விளிம்பு எங்கே, ஊசி எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தது. அஃப்ரீன் குனிந்து பார்த்தாள். எலும்பை, கண்ணாடியை, அம்மாவின் கன்னத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

“அய்யோ மேம். இவ்ளோ மேலயா? நான் அடில போட்டுட்டு இருந்தேன்.”

அப்போது பின்னால் குரல் கேட்டது. “என்னம்மா இது, கீழ்மாடி மேல வந்துடுச்சா?” மஞ்சுநாத் சார். எலும்பைச் சுட்டிக்காட்டி, “யாருது?” என்றார், எங்கள் துறையின் சொத்தா என்ற அர்த்தத்தில்.

“தெரியல சார்” என்றாள் அம்மா. “பாவம், எந்தத் தாய் பெத்த புள்ளையோ.”

சார் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். அஃப்ரீனைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மா உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். “செல்வி, பாதி உதடு எங்க போச்சுன்னே தெரியலடி.” அஃப்ரீன் சத்தமாகச் சிரித்துவிட்டாள். பல் வந்துவிட்டது.

“கண்ணாடி நல்ல ஐடியாதான்” என்றார் மஞ்சுநாத் சார். “ஆனா இந்த எலும்பைக் கீழ கொண்டுபோய் வெச்சிடுங்க. பேஷன்ட் இருக்கிற எடம் இது. இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல்னு ஒண்ணு இருக்கு.” அவர் சொன்னது சரிதான். துண்டில் சுற்றிக்கொண்டு இறங்கினேன்.

5

பல் எடுத்தபின் பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். அம்மாவை எனக்குத் தெரிந்த நாள் முதல் அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. அந்த வாய்ப்பை விடக் கூடாது என்று, விவேக் நகருக்குத் திரும்பும் ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னேன். கீழ்த்தளம், பச்சைக் கயிறு, பதக்கம், உறுதியாகப் போகும் வேலை. அம்மா கன்னத்தைப் பிடித்தபடி கண்ணை உருட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள். அறைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பஞ்சைத் துப்பினாள்.

“அப்ப நீ பல்லே புடுங்கினதில்லியா?”

“படிக்கும்போது நெறைய. இங்க வந்து இல்ல.”

“ரெண்டு வருசமா?”

“ஆமா.”

“சம்பளம் தர்றாங்க இல்ல?”

“தர்றாங்கம்மா.”

கன்னத்தைத் தடவிக்கொண்டாள். மரத்த உதட்டால் வார்த்தைகள் குழறின. “அப்ப நான் ஊர்ல இன்னான்னு சொல்றது? என் பொண்ணு எலும்பு டாக்டர்னா, இடுப்பு வலின்னு வந்து நிப்பாங்கடி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“அந்தச் சீட்டை என்னாத்துக்கு வாங்கினே?” என்றாள் திடீரென்று. “அந்தப் பொண்ணு தப்பா குத்தறது உனக்குத் தெரியுது. இன்னா செய்யணும்னும் தெரியுது. பையைப் பிடிச்சிகினு ஓரமா நிக்கிறே. எனக்கு ஊசிகூட அவ்ளோ வலிக்கலடி.”

இதற்கும் நான் ரூல்ஸ் என்று பதில் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தலையணையை எடுத்துப் போட்டேன். பிலோமினா அக்கா கீழேயிருந்து அனுப்பிய ஐஸ்கிரீமை அம்மா மரத்துப்போகாத பக்கமாக ஒதுக்கிச் சாப்பிட்டாள். சனிக்கிழமை பஸ் ஏறும்போது, வலது பக்கம் ஒரு பல் ஆடுவதாகவும், நான் பிடுங்கும் நிலைக்கு வரும்வரை அதை வைத்திருப்பதாகவும் சொன்னாள். ஊக்கப்படுத்துகிறாளா மிரட்டுகிறாளா என்று தெரியவில்லை.

6

அடுத்த வாரம் விஷயம் குழுவுக்குப் போனது. நானே கொண்டுபோனேன். இடது பக்கத்து ஊசிகள் ஏன் தவறுகின்றன என்று எழுந்து நின்று சொன்னேன்.

“வலதுகைக்காரங்களுக்கு லெஃப்ட் சைடு கஷ்டம்தான்” என்றார் மஞ்சுநாத் சார். “நான் சேர்ந்த காலத்துல இருந்து அப்படித்தான். இதுல புதுசா என்ன?”

“என் பாடத்துல எல்லாரும் பாஸ்” என்றார் பத்மாவதி மேடம். “மேல போனதும் மறந்தா அதுக்கு நான் என்ன பண்றது? அது இருக்கட்டும். செல்வி, எலும்பை யாரைக் கேட்டு மாடிக்கு எடுத்துட்டுப் போனீங்க?”

இருவருக்கும் இடையே நான் நின்றுகொண்டிருந்தேன். நல்லவேளை, வடை வந்தது. கடைசியில் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: கண்ணாடி ஒன்று வாங்குவது, அதை ஒருங்கிணைப்பு மையத்தில் மாட்டுவது. ஆள் உயரக் கண்ணாடி வந்து மாடிப்படித் திருப்பத்தில், பலகைக்குப் பக்கத்தில் மாட்டியும் ஆகிவிட்டது. மாணவிகள் அதில் தலை வாருகிறார்கள்.

அதே வாரம் என் வேலையை உறுதிசெய்யும் கடிதம் வந்தது. கூடவே நான் எதிர்பார்க்காத ஒரு தாள்: அடிப்படைத் துறையா, சிகிச்சைத் துறையா, ஒன்றை மட்டும் குறிக்கவும். அதை அனுப்பியதும் ஒருங்கிணைப்புக் குழுதான். எதைக் குறித்தாலும் மறுபாதி கைவிட்டுப் போய்விடும் என்பதால் நான் எதையும் குறிக்கவில்லை. என் உறுதியாக்கத்தை ஒரு வருடம் தள்ளிவையுங்கள், காலையில் கிளினிக்கிலும் பிற்பகலில் அனாட்டமியிலும் வேலை செய்கிறேன், முதல் வருட மாணவர்களையும் வாரம் ஒருமுறை என்னோடு மேலே அழைத்துப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நிரந்தர வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லும் கடிதம் இதற்கு முன் வந்ததில்லை போலிருக்கிறது. அலுவலகத்தில் அதை எந்தக் கோப்பில் வைப்பது என்று இரண்டு நாள் பேசினார்கள். மேடம் என்னோடு பேசுவதை நிறுத்தினார், ஆனால் கையெழுத்துப் போட்டார். அப்பா போனில், “கெடைச்சதை யாராச்சும் வேணாம்னு சொல்லுவாங்களா?” என்று கத்தினார். அவர் கத்தியதில் தவறில்லை. ஒரு வருடம் கழித்து மாடியில் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கீழேயும் இடம் இருக்காது.

மஞ்சுநாத் சார் கடிதத்தைப் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். “எட்டு மணிக்கு கிளினிக். எட்டு அஞ்சுக்கு வந்தா கீழயே இருந்துக்கோங்க.”

நேற்று ஏழே முக்காலுக்குப் போய்விட்டேன். என்னோடு முதல் வருட மாணவர்கள் பத்துப் பேர், எல்லோர் கண்ணிலும் தூக்கம். நோயாளிகள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கையுறை மாட்டிக்கொள்ளச் சொன்னேன். தாடையின் முன்விளிம்பைப் படத்தில் பார்த்தது போதும், கட்டைவிரலால் தொட்டுக் கண்டுபிடியுங்கள் என்றேன். யார் வாயில் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானே நாற்காலியில் ஏறிப் படுத்து, விளக்கை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். முன்னால் நின்ற பெண் பயந்து, விரலை என் உதட்டருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். திறந்த வாயோடு எதுவும் சொல்ல முடியாது. அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.